கல்வித் தொலைக்காட்சி யாரை நோக்கிப் பேசுகிறது? குமரி மாவட்டத்தை முன்வைத்து ஒரு திறனாய்வு

முன்னுரை

தமிழ்நாடு அரசின் பள்ளிக்கல்வித் துறை நடத்தும் கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்ட் 26 அன்று தொடங்கப்பெற்றது. சென்னை கோட்டூர்புரத்தில் உள்ள அண்ணா நூற்றாண்டு நூலகக் கட்டடத்தின் 8-ஆம் தளத்தில் அதன் படப்பிடிப்புக் கூடம் அமைந்தது. அரசு கேபிளின் 200-ஆம் அலைவரிசையிலும் யூடியூபிலும் நிகழ்ச்சிகள் கிடைத்தன. ஓராண்டு நிறைவதற்குள் பெருந்தொற்று பள்ளிகளை மூடிவிட, 2020 ஜூலை முதல் பாடங்கள் வகுப்புவாரியாகக் கால அட்டவணைப்படி ஒளிபரப்பாயின. எத்தனை மாணவர் பார்த்தனர், எத்தனை வீடுகளில் தொலைக்காட்சி இருந்தது என்பன போன்ற வினாக்கள் கல்வியியலார்க்கு உரியவை. இக்கட்டுரை அப்பாடங்களைப் பனுவல்களாக வாசிக்கிறது. ஒவ்வொரு பனுவலும் தனக்கென ஒரு வாசகரைக் கற்பித்துக்கொள்கிறது என்பது இலக்கியத் திறனாய்வில் பழகிய கருத்து. கல்வித் தொலைக்காட்சி கற்பித்துக்கொண்ட மாணவர் யார் என்பதே இங்கு எழுப்பப்படும் வினா. அவ்வினாவிற்குக் குமரி மாவட்டம் ஏற்ற உரைகல்லாக அமைகிறது.

வகுப்பறையின் படியெடுப்பு

பாடக் காணொலிகளின் பொது அமைப்பு எளிதில் அடையாளம் காணத்தக்கது. ஆசிரியர் நின்று பேசுகிறார். அவருக்குப் பின்னோ அருகிலோ பாடநூற் பக்கமும் வரைபடமும் தோன்றுகின்றன. ஒளிப்படக்கருவி பெரும்பாலும் அசைவதில்லை. 'மாணவர்களே' என்ற விளியும், 'புரிந்ததா?' என்ற வினாவும், அதன்பின் வரும் சிறு இடைவெளியும் வகுப்பறையிலிருந்து அப்படியே எடுத்துக்கொள்ளப்பட்டவை. வகுப்பறையில் அந்த இடைவெளியை மாணவரின் முகம் நிரப்பும். திரையில் அதனை நிரப்ப எவருமில்லை. ஆசிரியர் தாமே 'நன்று' என்று சொல்லி மேலே செல்கிறார்.

இவ்வமைப்பை எள்ளி நகையாடுதல் நேர்மையாகாது. அரசுப் பள்ளி ஆசிரியர்கள் குறுகிய காலத்தில், பழக்கமில்லாத ஊடகத்தில், மாநிலம் முழுமைக்கும் பாடம் நடத்தினர். தமிழ்த் திரைப்படங்களில் ஆசிரியர் பலகாலம் நகைச்சுவைப் பாத்திரமாகவே வந்துபோனதை நினைத்தால், அரசுப் பள்ளி ஆசிரியரின் முகம் தொலைக்காட்சியில் மதிப்புடன் இடம்பெற்றதே ஒரு பண்பாட்டு நிகழ்வுதான். குறை ஆசிரியரிடம் இல்லை. ஊடகத்தைப் பற்றிய கருத்தாக்கத்தில் இருக்கிறது. கண்ணுக்கு எட்டாததைக் காட்டும் கருவி கையில் இருந்தும், அது கரும்பலகையையே காட்டியது.

மழையும் நெல்லும்

ஓர் எடுத்துக்காட்டைச் சற்று விரிவாகக் காணலாம். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் தமிழகத்தின் பெரும்பகுதி மழைமறைவுப் பகுதியாக அமைவதும், வடகிழக்குப் பருவக்காற்றே இம்மாநிலத்திற்கு முதன்மையான மழையைத் தருவதும் புவியியலின் பொதுக்கூற்றுகள். இரண்டும் சரியானவையே. ஆயினும் குமரி மாவட்டம் இரு பருவங்களிலும் மழை பெறுவது. கல்வியாண்டு தொடங்கும் ஜூனில் குலசேகரத்திலும் அருமனையிலும் ரப்பர்த் தோட்டங்கள் நனைந்து கிடக்கும். அதே மாவட்டத்தின் தென்கிழக்கே, அகஸ்தீஸ்வரம் பக்கத்தில், மழையளவு வெகுவாகக் குறையும். மாநிலம் முழுமைக்குமான கூற்று ஒரு மாவட்டத்துக்குள்ளேயே பல நிறம் கொள்கிறது.

குலசேகரத்து ஆசிரியர் இப்பாடத்தை நடத்தும்போது சன்னலுக்கு வெளியே கைகாட்டி, நம் ஊர் விதிவிலக்கு என்று சொல்லிவிடுவார். அந்த ஒரு வாக்கியத்தில் மாணவர் பாடநூலோடு தம் ஊரை இணைத்துக்கொள்வர். கோட்டூர்புரத்துக் கூடத்தில் பதிவாகும் பாடத்திற்கு அத்தகைய சன்னல் இல்லை. கூரையில் மழை கொட்டிக்கொண்டிருக்க, இது மழைமறைவுக் காலம் என்று திரையிலிருந்து கேட்கும் குழந்தை, எதை நம்புவது என்ற குழப்பத்தைத் தானே தீர்த்துக்கொள்ள வேண்டும்.

நெல்லும் அவ்வாறே. குறுவை, சம்பா, தாளடி என்ற காவிரிச் சமவெளியின் பருவப்பெயர்களே தமிழகத்தின் பொதுப்பெயர்களாகப் பயிற்றப்படுகின்றன. நாஞ்சில் நாட்டு உழவர்க்குப் பருவங்கள் இரண்டு: கன்னிப்பூ, கும்பப்பூ. இரண்டும் மாதப்பெயர்களின் அடியாகப் பிறந்தவை. அம்மாதப்பெயர்கள் மலையாள ஆண்டுமுறைக்கு உரியவை. இரு சொற்களில் ஒரு வட்டாரத்தின் வேளாண்மையும் வரலாறும் அடங்கியிருக்கின்றன. 1956 நவம்பர் 1 வரை இப்பகுதி திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்தில் இருந்தது என்பதை விளக்க இதனினும் நல்ல வாயில் கிடைப்பது அரிது.

தமிழ்ப் புனைகதை இத்தகைய வட்டாரச் சொற்களுக்கு என்றோ இடம் தந்துவிட்டது. தோப்பில் முகமது மீரானின் 'சாய்வு நாற்காலி' 1997-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. வானொலியும் முந்திக்கொண்டது, நாட்டின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் 1984-இல் நாகர்கோவிலில்தான் தொடங்கியது. இலக்கியமும் வானொலியும் ஏற்றுக்கொண்ட வட்டாரத்தைப் பாடத் திரை ஏன் தவிர்க்க வேண்டும் என்பது விடை வேண்டும் கேள்வி.

இரு திரைகளுக்கு இடையில்

மேலும் கடுமையான சிக்கல் விளவங்கோடு, கல்குளம் பகுதிகளில் மலையாளவழியில் பயிலும் மாணவருடையது. இவர்கள் பயில்வது தமிழ்நாட்டுப் பாடத்திட்டம். கையில் இருப்பது தமிழ்நாட்டுப் பாடநூலின் மலையாளப் பதிப்பு. எல்லைக்கு அப்பால், 2005-இல் அப்துல் கலாம் தொடங்கி வைத்த விக்டர்ஸ் அலைவரிசை, 2020 ஜூன் 1 முதல் 'ஃபர்ஸ்ட் பெல்' வகுப்புகளை நடத்தியது. அவ்வகுப்புகளின் மொழி இம்மாணவர்க்கு உரியது, பாடத்திட்டம் அயலது. தமிழ்வழி மாணவரை முதன்மை நேயராகக் கொண்ட கல்வித் தொலைக்காட்சியிலோ பாடத்திட்டம் உரியது, மொழி வேறு. களியக்காவிளைப் பக்கத்துக் குழந்தைக்கு இரு திரைகள் எட்டும் தொலைவில் இருந்தும் முழுப்பாடம் எதிலும் இல்லை.

2006-ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டத்தின்படி இம்மாணவரும் தமிழை ஒரு பாடமாகப் பயில்கின்றனரே, தமிழ்ப் பாடங்களைக் கேட்டுப் புரிந்துகொள்ள இயலாதா என வினவலாம். ஒரு மொழியைப் பாடமாகப் பயில்வதும் அம்மொழிவழி அறிவியல் பயில்வதும் வெவ்வேறு. 'ஒளிச்சேர்க்கை' என்று திரை சொல்வதை, 'பிரகாசசம்ஸ்லேஷணம்' என்று அச்சிட்ட நூலைக் கையில் வைத்திருக்கும் பன்னிரண்டு வயதுக் குழந்தை உடனே பொருத்திக்கொள்ளும் என எதிர்பார்ப்பது மிகை. கேரளம் தன் தமிழ்வழி மாணவர்க்கெனத் தமிழிலும் ஃபர்ஸ்ட் பெல் வகுப்புகளை உருவாக்கி இணையத்தில் வழங்கியது இங்கு நினைக்கத்தக்கது. அங்குள்ள தமிழ்க் குழந்தைக்கு நாம் வேண்டும் உரிமையை இங்குள்ள மலையாளக் குழந்தைக்கும் தர வேண்டியவர்களாகிறோம்.

ஒரு படம், இரு குரல்

ஒற்றை அலைவரிசையின் நெருக்கடியை எளிய கணக்கு காட்டும். பத்து வகுப்புகள், வகுப்புக்கு ஐந்து பாடங்கள், பாடத்திற்கு அரைமணி என்று கொண்டாலும் நாளொன்றுக்கு 25 மணி நேரம் தேவை. ஒரு பயிற்றுமொழிக்கே நாள் போதாத நிலையில் மற்றொன்றுக்குத் தனி நேரம் ஒதுக்குவது இயலாது.

ஆனால் இச்சிக்கலுக்கு இந்தியத் தொலைக்காட்சி ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்கு முன்பே ஒரு வழி கண்டது. 1975 ஆகஸ்ட் முதல் 1976 ஜூலை வரை, நாசாவின் ஏ.டி.எஸ்.-6 செயற்கைக்கோளின் துணையுடன் ஆறு மாநிலங்களின் 2,400 சிற்றூர்களில் 'சைட்' எனப்பட்ட கல்வி ஒளிபரப்புச் சோதனை நடந்தது. தமிழ்நாடு அதில் இடம்பெறவில்லை. அச்சோதனையில் ஒரு படத்துடன் இரு ஒலித்தடங்கள் அனுப்பப்பட்டன; ஆந்திரச் சிற்றூர்கள் தெலுங்கிலும் கருநாடகச் சிற்றூர்கள் கன்னடத்திலும் ஒரே காட்சியைக் கேட்டன. இன்றைய எண்முறை ஒளிபரப்பிலும் இணையக் காணொலியிலும் இரண்டாம் ஒலித்தடத்தைச் சேர்ப்பது அதனினும் எளிது. ஏற்கெனவே பதிவாகிய அறிவியல், கணிதப் பாடங்களின் படங்களை மாற்ற வேண்டியதில்லை. குரலையும் திரையில் தோன்றும் எழுத்தையும் மாற்றினாற் போதும்.

வட்டாரப் பாடத்திற்கும் புதிய நிறுவனம் தேவையில்லை. மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம் கவிமணியின் ஊராகிய தேரூரில், வயல்களும் குளமும் சூழ்ந்த இடத்தில் இருக்கிறது. கன்னிப்பூ நடவை அங்கிருந்து சில எட்டுகளில் படமாக்கலாம். பருவக்காற்றுப் பாடத்தை ஜூனில் பேச்சிப்பாறை அணையருகே எடுக்கலாம். மலையாள ஒலித்தடத்திற்குக் குழித்துறை, மார்த்தாண்டம் பக்கத்துப் பள்ளிகளில் அதே பாடநூலை அன்றாடம் மலையாளத்தில் நடத்தும் ஆசிரியர்கள் சிலர் முன்வந்தாற் போதும்.