பித்தும் அச்சமும்: ஹண்டிங்டன் நோய் பற்றிய உரைகள் சில

ஜார்ஜ் ஹண்டிங்டன் என்னும் அமெரிக்க மருத்துவர், தம் இருபத்திரண்டாம் அகவையில், பிலடெல்பியாவிலிருந்து வெளிவந்த மருத்துவ இதழொன்றில் 1872-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார். கொரியா எனப்படும் உறுப்பாட்ட நோயைப் பொதுவாகக் கூறிச் செல்லும் அக்கட்டுரையின் இறுதிப் பகுதி மட்டுமே, மரபுவழி வரும் ஒரு வகையைப் பற்றியது. அந்நோய் இன்று அவர் பெயராலேயே வழங்குகின்றது. நூற்பா எழுதுவார் போன்று அவர் அதற்கு மூன்று இயல்புகள் வகுத்தார். அது மரபுவழி வருவது என்பது முதலாவது. பித்துக்கும் தற்கொலைக்கும் நோயாளரைச் செலுத்துவது என்பது இரண்டாவது. முதிர்ந்த பருவத்தே கடுமையுறுவது என்பது மூன்றாவது. முதலாவதும் மூன்றாவதும் பிற்கால ஆராய்ச்சியால் உறுதிப்பட்டன. நான்காம் குரோமோசோமிலுள்ள ஒரு மரபணுவில் சி.ஏ.ஜி. என்னும் கூறு மிகுதியாக மடங்கி வருதலே நோய்க்குக் காரணம் என்பது 1993-இல் தெளிவாயிற்று. பெற்றோருள் ஒருவர்க்கு அம்மரபணு இருப்பின், மக்கள் ஒவ்வொருவர்க்கும் அது வருதற்கு வாய்ப்பு சரிபாதி. நாம் ஈண்டு ஆராயப் புகுவது இரண்டாம் இயல்பினையே. அது நோயின் இயல்பா, நோய் பற்றிய ஓர் உரையாசிரியர் கருத்தா என்னும் ஐயம் கட்டுரையின் சொற்களிலிருந்தே எழுகின்றது.

ஹண்டிங்டன் தற்கொலையைத் தனியே வைத்திலர். பித்தின் ஒருவகை தற்கொலையிற் கொண்டு செலுத்தும் என்று அதனைப் பித்தினுள் அடக்கினார். அடுத்துக் கூறும்பொழுதோ, தாம் அறிந்த தற்கொலைகள் நோயுற்றாரிடத்தும், நோயுள்ள குடும்பத்திற் பிறந்தாரிடத்தும் நிகழ்ந்தன என்று எழுதுகின்றார். நோயுற்றார் என்னாது குடும்பத்திற் பிறந்தாரையும் உடன் கூறியது நோக்கத்தக்கது. நோய் இன்னும் தோன்றாத ஒருவன் உயிர் துறப்பின், அதனை நோய் விளைத்த பித்து என்று எவ்வாறு துணிவது? அஃதன்றி, அக்குடும்பத்தார் நோயின் பெயரையும் சொல்ல நடுங்குவர் என்றும், தவிர்க்க இயலாவிடத்து 'அந்த நோய்' என்று சுட்டளவில் நிறுத்துவர் என்றும் அவரே குறிக்கின்றார். ஆகவே குடும்பத்தாரின் அச்சத்தை அவர் கண்டார். கண்டும் அதனை மூன்று இயல்புகளுள் ஒன்றாகவோ, இரண்டாம் இயல்பின் காரணமாகவோ எண்ணவில்லை. பித்துக்கு அவர் காட்டும் எடுத்துக்காட்டும் வேறு வகையினது. மனைவியர் உயிரோடிருக்கவே இளம்பெண்டிரிடம் காதல் பேசித் திரிந்த இருவரை அவர் காட்டுகின்றார். அது மூளை கெட்டதனால் அடக்கம் கெட்ட நிலை. அதற்கும் அஞ்சி உயிர் நீத்தலுக்கும் தொடர்பு அரிது. ஒரு சொல்லின்கீழ் இரு வேறு பொருள் புகுந்துவிட்டன என்பதே நம் கருத்து.

இவ்விடத்தில் வரலாற்றாசிரியை ஆலிஸ் வெக்ஸ்லர் 2008-இல் வெளியிட்ட 'கடலுள் நடந்து சென்ற பெண்' என்னும் நூல் பெரிதும் பயன்படுகின்றது. ஹண்டிங்டனின் தந்தையும் பாட்டனும் மருத்துவம் புரிந்த லாங் ஐலண்டின் ஈஸ்ட் ஹாம்ப்டன் ஊரே அந்நூலின் களம். ஃபீபி ஹெட்ஜஸ் என்னும் பெண் 1806-ஆம் ஆண்டு சூன் திங்களில் அவ்வூர்க் கடலில் இறங்கி உயிர் துறந்தாள். அவள் தாய்க்கு நோய் முற்றியிருந்தது. அவளுக்கோ அது தொடங்கியிருந்தது. அந்நாளைய உள்ளூர்ச் செய்தித்தாள் அவள் இறப்புக்குக் கூறிய காரணம் அந்நோய் பற்றிய பேரச்சம். ஹண்டிங்டன் கட்டுரைக்கு அறுபத்தாறு ஆண்டுகட்கு முன், மருத்துவர் அல்லாத ஒருவர் எழுதிய சில வரிகளில், பித்து என்னும் சொல்லுக்கு இடம் இல்லை. தாயின் உடலில் தன் பின்னாளை ஒரு மகள் கண்டாள் என்பதை ஊரார் அறிந்திருந்தனர். நோயுள்ள குடும்பங்களை ஊர் விலக்கி வைக்கவில்லை என்றும், நிலமும் திருச்சபை உரிமையும் அவர்கட்கு இருந்தன என்றும் வெக்ஸ்லர் ஆவணம் கொண்டு நிறுவுகின்றார். இந்நூலின் தலையாய பயன் இதுவே எனலாம்.

இவ்வேறுபாட்டை விளக்கத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் துணைபுரிகின்றது. பிணியைத் தொல்காப்பியர் மூப்பு முதலியவற்றொடு இளிவரலுக்கு நிலைக்களனாக வைத்தார். அச்சத்துக்கு அவர் கூறும் நிலைக்களங்கள் அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்பன. இந்நான்கும் அஞ்சுவானுக்குப் புறத்தே நிற்பன. ஓடலாம், ஒளியலாம், அடிபணியலாம். தன் குருதியே தனக்கு அச்சமாதல் அந்நான்கனுள் அடங்காது. ஃபீபியின் அச்சம் அத்தகையது. பிணியைப் புறத்தே நின்று காண்பானுக்கோ இளிவரலும் மருட்கையுமே முந்தும். ஹண்டிங்டன் தம் சிறுபருவத்தே தந்தையுடன் வண்டியிற் சென்றபோது, நோயுற்ற தாயும் மகளுமாகிய இருவர் உடல் நெளிய எதிர்வரக் கண்டு வியப்பும் ஏறக்குறைய அச்சமும் கொண்டதாக முதுமையில் நினைவு கூர்ந்தார். அவ்விருவரும் அஞ்சினரா என்னும் வினா அந்நினைவுரையில் எழவில்லை. சிறுவன்பால் அதனை எதிர்பார்த்தலும் முறையன்று. ஆயினும் அவன் மருத்துவனாகி எழுதிய கட்டுரையிலும் அப்பார்வையே நின்றது என்பதனை நாம் மறுத்தற்கில்லை.

பிழைபட்ட வகைப்பாடு ஏட்டளவில் நின்றிருப்பின் நாம் இத்துணை வருந்த வேண்டுவதில்லை. டேவன்போர்ட் என்பார் 1916-இல், மன்சியொடு கூடி வெளியிட்ட ஆய்வில், நோயுற்ற குடும்பத்தாரின் சினம், ஒழுக்கக்கேடு முதலியன எல்லாவற்றையும் குருதியின் குணமாகத் தொகுத்து, அத்தகையார் மகப்பெறாவாறு தடுத்தலை வற்புறுத்தினார். 1932-இல் வெஸ்ஸி என்பார் இக்குடும்பங்களைச் சூனியக்காரர் எனத் தண்டிக்கப்பட்டாரொடு இணைத்தார். அவர் காட்டிய கால்வழி பிழையென்பது பின்னர் வெளிப்பட்டது. இரண்டாம் இயல்பின் இரு சொற்களுக்கு இத்தகைய உரைவிரிவுகள் எழுந்தன.

புனைகதையும் இதற்கு விலக்கன்று. இயன் மெக்கீவனின் 'சனிக்கிழமை' (2005) என்னும் நாவலில், பாக்ஸ்டர் என்பானுக்கு இந்நோய் உண்டென்பதை மூளை அறுவை மருத்துவராகிய தலைவர் தெருச் சண்டையிலேயே கண்டுகொள்கின்றார். புதிய மருத்துவம் உண்டு என்று ஆசைகாட்டித் தப்புகின்றார். பின்னர் அவன் வீடு புகுந்து அச்சுறுத்தும்போது, ஒரு பாட்டைக் கேட்டு அவன் உள்ளம் சட்டென மாறுகின்றது. அம்மாற்றம் பாட்டின் ஆற்றலா, நோயின் நிலையின்மையா என்பதை ஆசிரியர் தெளிவாக்கவில்லை. நமக்குக் குறையாகத் தோன்றுவது வேறு. தந்தை இந்நோயால் இறந்ததை அறிந்த ஒருவனின் அச்சமும் நப்பாசையுமே கதையை இருமுறை திருப்புகின்றன. ஆயினும் கதை கூறும் நோக்கு மருத்துவருடையதே ஆகலின், அவன் உள்ளம் மரபணுவின் கணக்காகவே நமக்குக் கிட்டுகின்றது. நாவல் திறமாக எழுதப்பட்டது என்பதில் ஐயமில்லை. அத்திறமே நோயாளனை நாம் மருத்துவர் கண்கொண்டு மட்டும் காணுமாறு செய்துவிடுகின்றது.

இனி, நம் கூற்றுக்கு எல்லை வகுத்தல் வேண்டும். எல்லாம் அச்சமே எனின் அதுவும் பிழையாம். உறுப்பாட்டம் தோன்றுதற்குச் சில ஆண்டுகள் முன்னரே உளச்சோர்வும் எரிச்சலும் நாட்டமின்மையும் தோன்றக்கூடும் என்பது இற்றை மருத்துவம் கண்ட உண்மை. நாட்டமின்மை நோயொடு வளர்வது. அதனைச் சோம்பல் என்று கொள்ளும் குடும்பத்தார் நோயாளரைக் கடிந்துகொள்வர். இங்கு மூளையைக் காரணங்காட்டுதலே அறிவும் அருளும் ஆகும். உளச்சோர்வோ மருந்தாலும் ஆற்றுரையாலும் தணியக்கூடியது. மூளை நோயின் கூறுதானே என்று அதனை வாளா விடுதல் தகாது. வெக்ஸ்லர் நூல் சமூகத்தின் பங்கினை விளக்கும் அளவிற்கு இப்பகுதியை விளக்கவில்லை என்பது நம் எண்ணம்.

அச்சத்தின் தனிநிலையைக் காட்டும் சான்று ஒன்று கனடாவிலிருந்து 1992-இல் வெளிவந்தது. நோய் வருமா என முன்கூட்டி அறியும் சோதனைக்கு முன்வந்தாரை ஓராண்டு தொடர்ந்து ஆராய்ந்தனர். வரக்கூடும் என்று அறிந்தாரும், வாராது என்று அறிந்தாரும், ஒன்றும் அறியாது நின்றாரினும் உளத்துயர் குறைந்திருந்தனர். நல்ல செய்தி பெற்றாருள்ளும் சிலர் அதனைத் தாங்காது இடர்ப்பட்டனர் என்பது அக்காலத்து மற்றோர் ஆய்வால் தெரிகின்றது. இவற்றை மூளையின் கேட்டால் விளக்க இயலாது.

வெக்ஸ்லர் இந்நூலுக்கு முன்னர் 1995-இல் தம் குடும்ப வரலாற்றையும் எழுதியுள்ளார். அவர் தாய் 1968-இல் தெருவைக் கடக்கும்போது, நடை தள்ளாடுதல் கண்ட காவலர் ஒருவர் குடித்திருப்பதாக இகழ்ந்தார்; அதன்பின் மருத்துவரிடம் செல்ல, நோய் தெரிந்தது. தாயின் தந்தையும் உடன்பிறந்த மூவரும் முன்னரே அந்நோயால் மாண்டவர். நோய் அறியப்படுமுன்னரே தாயிடம் நெடுங்காலம் இருந்த துயரம் நோயின் தொடக்கமோ, உடன்பிறந்தார்க்கு நேர்ந்தது தனக்கும் நேருமென்னும் நடுக்கமோ, இல்வாழ்க்கையின் வெறுமையோ என்று மகள் வினவுகின்றார். ஒன்றையும் துணிந்து கூறாது விடுகின்றார். ஹண்டிங்டன் ஒரு சொல்லில் அடக்கியதை மூன்றாக விரித்து, விடையின்றி நிறுத்திய அப்பகுதியை, 1872-ஆம் ஆண்டுக் கட்டுரையின் இரண்டாம் இயல்புக்கு நாம் கண்டவற்றுள் தக்க உரையாகக் கொள்ளுகின்றோம்.