அடுப்பில் எரியும் கால்

பி. விட்டலாச்சார்யா 1978இல் தெலுங்கில் எடுத்து, தமிழிலும் பேசவைக்கப்பட்ட மாயாஜாலப் படம் 'ஜகன்மோகினி'. தெலுங்கும் கன்னடமும் தமிழோடு கலந்து புழங்கும் பர்கூர்ப் பக்கத்தில் இப்படிப்பட்ட படத்துக்கு மொழி பெரிய தடையல்ல. பார்த்தவர்கள் மறக்காத காட்சி ஒன்று உண்டு. மருமகளாக வீட்டுக்குள் நுழைந்த பேய் (ஜெயமாலினி) விறகுக்குப் பதிலாகத் தன் காலையே அடுப்பில் நீட்டிச் சமைக்கிறாள்.

பயமுறுத்தவும் சிரிக்கவைக்கவும் எடுத்த காட்சிதான். அந்த எளிய கேமரா வித்தை இன்றும் ரசிக்கத்தக்கது. ஆனால் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே அடுப்படிக்குப் போகும் சிப்காட் பெண்ணிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். நாளெல்லாம் நின்ற காலைத்தான் முதலில் தடவிப் பார்ப்பாள். உடம்பையே எரித்துச் சோறு போடுவது அவளுக்கு மாயாஜாலம் இல்லை.

கதையின் அநியாயம் வேறிடத்தில் இருக்கிறது. முற்பிறவியில் காதலித்து ஏமாற்றப்பட்டுச் செத்தவள் பேயாக அலைகிறாள். ஏமாற்றியவனுக்கோ புதுப் பிறவி, பழைய கணக்கு நினைவில்லாத மனசு, பக்தியுள்ள மனைவி. அவனைக் காப்பாற்றும் வேலையும் அந்த மனைவியின் தலையில்தான். இரண்டு பெண்களும் மோதிக்கொள்ள, அவன் செய்த வஞ்சகம் யார் விசாரணைக்கும் வருவதில்லை. 2009இல் நமீதா நடித்து மறுபடி எடுத்தார்கள். கிராபிக்ஸ் வந்தது, இந்தக் கேள்வி வரவில்லை.

பேயை ஒழித்த மறுநாள் அந்த அடுப்புக்கு விறகு யார் கொண்டுவந்தார்கள் என்று படம் காட்டுவதில்லை.