24-க்கும் 3.3-க்கும் நடுவே: நம் பட்டறை மரபுகள்

சங்க மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று செயலாளர் தம்பி மூன்று முறை போன் செய்துவிட்டார். "24 வோல்ட் சென்சார்ல இருந்து 3.3 வோல்ட் கன்ட்ரோலருக்கு சிக்னலை நம்ம பெரியவங்க எப்படிக் கொண்டு வந்தாங்க, அதை எழுதுங்கண்ணா" என்றார். கோவை மில்களில் பேனல் திறந்து வளர்ந்தவர்களுக்கு சென்சார் வயரில் பிரவுன், நீலம், கறுப்பு எது எதுவென்று நான் சொல்ல வேண்டியதில்லை. மரபுகளை மட்டும் வரிசைப்படுத்துகிறேன். விட்டுப்போனதைப் பெரியவர்கள் பொறுத்தருள வேண்டும்.

மூத்தது ரிலே மரபு. 8051 கன்ட்ரோலர் காலத்தில் பலருக்கும் அதுவே துணை. சென்சார் காயிலை இழுக்கும், கான்டாக்ட் போர்டுக்குச் செய்தி சொல்லும். மில் பக்கத்துக் கரன்ட் போர்டுப் பக்கம் எட்டிப் பார்க்காது. லிமிட் ஸ்விட்ச்சுக்கு இன்றும் இது போதும். ஓடுகிற ஸ்பிண்டிலின் பல்ஸை எண்ணச் சொன்னால்தான் ரிலேவுக்கு மூச்சு வாங்கும்.

அடுத்தது டிவைடர் மரபு. 10 கிலோ ஓமும் 1.5 கிலோ ஓமும் போட்டால் 24 வோல்ட் 3.13 ஆகிறது, மேஜையில் அழகுதான். சப்ளை 30-க்கு ஏறினால் அதே பின்னில் 3.9 நிற்கும். அந்த மரபின் பெரியவர்கள் இதை அறிந்தே ஸீனரும் ஷ்மிட் ட்ரிக்கரும் சேர்த்துப் போட்டார்கள். 4-20 மில்லி ஆம்பியரில் ரெசிஸ்டர்காரர்களை மிஞ்ச ஆளில்லை: 150 ஓம் போட்டால் 0.6-லிருந்து 3 வோல்ட். வயர் அறுந்தால் பூஜ்யம் காட்டிக் கொடுத்துவிடும்.

மூன்றாவது ஆப்டோ மரபு. எங்கள் வாத்தியாருடையது. பெயர் எழுதினால் கோபிப்பார். கணபதியில் அவர் பட்டறையில் டீ குடிக்காதவர் இந்தச் சங்கத்தில் குறைவு. ஊரே 817 ஆப்டோவுக்கு முன்னால் 2.2 கிலோ ஓம் போட்டபோது அவர் 4.7 போட்டார். 2.2-இல் 10 மில்லி ஆம்பியர் ஓடும். கால் வாட் ரெசிஸ்டர் விளிம்பில் நின்று வேகும். 4.7-இல் 5 மில்லி ஆம்பியருக்குச் சற்றுக் குறைவு. "உள்ளே இருக்கிற எல்.இ.டி.யும் வயசாகி மங்கும்டா, அதுக்கும் இடம் விட்டு வை" என்று எதிர்ப்பக்கம் 10 கிலோ ஓம் புல்-அப் வைப்பார். வயரை மாற்றி மாட்டுகிறவனுக்காக எல்.இ.டி.க்குத் தலைகீழாக ஒரு 4148 டயோடு. இரண்டு வயர் சென்சார் ஆஃப் ஆன பிறகும் கசியுமே, அதற்காக எல்.இ.டி.க்குக் குறுக்கே 1 கிலோ ஓம். இத்தனையும் ஒரு இன்புட்டுக்கு.

என்.பி.என்., பி.என்.பி. சென்சார் சண்டையை மரபு என்று சொல்ல மாட்டேன். அது ஜப்பான் மெஷினில் கை பழகியவருக்கும் ஐரோப்பிய மெஷினில் கை பழகியவருக்கும் நடக்கும் பங்காளித் தகராறு. என்.பி.என். என்றால் 3.3-க்கு ஒரு புல்-அப் போதும் என்பவர்கள் மட்டும், சென்சாருக்கு உள்ளேயே 24-க்கு ஏறும் ரெசிஸ்டர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மாட்டட்டும்.

இனிச் சொல்வது யார் மனதையும் புண்படுத்த அல்ல. இன்று ரெடிமேட் ஆப்டோ போர்டு வாங்கி மாட்டும் இளைஞர்கள் திறமைசாலிகள்; நாங்கள் மாதக்கணக்கில் எழுதிய புரோகிராமை ஒரு மாலையில் முடிக்கிறார்கள். ஆனால் சிலர், எல்லாரும் அல்ல, ஆப்டோ பிரித்து வைக்கும் இரு பக்க ஜீரோ வோல்ட்டையும் ஒரே டெர்மினலில் முறுக்கிவிடுகிறார்கள். கேட்டால், "சிக்னல் வருதே சார்!" கதவைப் பூட்டிச் சாவியைப் பூட்டிலேயே விட்டுப்போவது போல. ஜீரோவை முறுக்குகிறவர் வயருக்கு ஃபெரூல் போடுவதில்லை. ஃபெரூல் போடாதவர் நம்பர் ஒட்டுவதில்லை. நம்பர் ஒட்டாதவர் டிராயிங் தருவதில்லை. டிராயிங் தராதவர் பெரியவர்களைக் கண்டால் எழுந்து நிற்பதும் இல்லை. சங்கக் கூட்டத்துக்கு ஒன்பது மணிக்கு வரச் சொன்னால் சாப்பாட்டுக்கு வருவதும் இங்கேயிருந்துதான் தொடங்குகிறது என்பது என் கருத்து. செயலாளர் இந்தப் பத்தியை வெட்டினாலும் வருத்தமில்லை.

வாத்தியாரிடம் ஒரே பரீட்சைதான். போர்டு முடிந்ததும் மீட்டரை பஸரில் வைப்பார். ஒரு புரோபை மில் பக்க ஜீரோவில் தொடுவார், மற்றொன்றை கன்ட்ரோலர் கிரவுண்டில். பீப் வந்தால் பில் போடக் கூடாது. நான் முதலில் செய்த போர்டு பீப் அடித்தது. அவர் திட்டவில்லை. சால்டரிங் அயர்னை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

அந்த மீட்டர் இப்போது என்னிடம் இருக்கிறது. டயல் தேய்ந்துவிட்டது, பஸர் மட்டும் நன்றாக ஒலிக்கிறது. சங்க அலுவலக மேஜையில் வைத்துவிடுகிறேன். எந்த மரபினரானாலும் போர்டைக் கொண்டு வாருங்கள், தொட்டுப் பார்த்துக்கொள்ளலாம். பீப் அடித்தால் டீ என் செலவு.