தொகுப்புக்கு ஓர் அடைவு

மாங்கோடிபி தரவுத்தளத்தின் கலெக்‌ஷன் (தொகுப்பு) ஒவ்வொன்றையும் தேடுபொறியான எலாஸ்டிக்சர்ச்சில் தனித்தனி இண்டெக்ஸாகக் கொண்டு சேர்ப்பது சில பத்து வரிகளில் முடியும் அமைப்பு வேலை. அதைச் செய்தவரின் கைத்திறமை அந்த வரிகளில் முழுதாகத் தெரிந்துவிடும்.

இண்டெக்ஸ் என்பது நூலின் கடைசிப் பக்கங்களில் வரும் சொல்லடைவைப் போன்றது: எந்தச் சொல் எந்த ஆவணத்தில் வருகிறது என்று சொல்லும். 2010இல் வெளிவந்த எலாஸ்டிக்சர்ச், இந்த அடைவைக் கட்டும் பணியை லூசீன் நிரலகத்திடம் விட்டிருக்கிறது. தரவுத்தளம்தான் மூலம், அடைவு அதிலிருந்து பிறப்பது.

தொடக்கத்தில் ஒரே அடைவுக்குள் பல வகை ஆவணங்களை வைக்க முடிந்தது. ஆனால் ஒரே பெயருள்ள புலங்கள் லூசீனுக்குள் ஒரே புலமாகவே இருந்தன. ஒரு நூலகத்தின் ‘நூல்கள்’ தொகுப்பில் ‘பதிவு’ தேதியாகவும் ‘வாசகர்கள்’ தொகுப்பில் உரையாகவும் இருந்தால் இரண்டும் மோதிக்கொள்ளும். 2017இல் வந்த 6.0 பதிப்பு, புதிய அடைவுக்கு ஒரே வகை என்று வரையறுத்தது. தரவரிசைக்கும் இந்தப் பிரிவினை நல்லது. அரிய சொல்லுக்கு மதிப்பெண் கூடும். ‘நாவல்’ நூல் குறிப்புகளில் மலிந்த சொல், வாசகர் குறிப்புகளில் அரிய சொல். இரண்டையும் ஒரே புலத்தில் கலந்தால் அந்த நுட்பம் மங்கிவிடும்.

தேர்ந்த கை முதலில், எந்தப் புலம் எந்த வகை என்று வரையறுக்கும் மேப்பிங்கை எழுதும். தலைப்பு சொல் சொல்லாகப் பிரியும் உரை, ஐஎஸ்பிஎன் பிரியாத குறிச்சொல், விலை எண். வாசகரின் கடவுச்சொல்லும் தொலைபேசி எண்ணும் மூலத்திலேயே நின்றுவிடும். தமிழ் உரைக்கு இன்னொரு கவனம் வேண்டும். ‘கொ’வின் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், இரண்டாகவும் எழுதலாம். இரண்டையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவராவிட்டால், கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் சொல் தேடலில் அகப்படாது.

அடுத்தது ஒத்திசைவு. மாங்கோடிபி 3.6 கொண்டுவந்த சேஞ்ச் ஸ்ட்ரீம் என்ற மாற்ற ஓடை, சேர்த்தல், திருத்தல், நீக்கல் எல்லாவற்றையும் நடந்த வரிசையில் தரும். முதலில் ஓடையைத் திறந்து இடத்தைக் குறித்துக்கொண்டு, பிறகு தொகுப்பு முழுவதையும் படியெடுத்து, அதன்பின் குறித்த இடத்திலிருந்து மாற்றங்களை வாங்க வேண்டும். முறை மாறினால் படியெடுக்கும்போது நடந்த திருத்தங்கள் விட்டுப்போகும். ஒவ்வொரு நிகழ்வோடும் வரும் இடக்குறியான ரெஸ்யூம் டோக்கனை, அடைவில் எழுதி முடித்த பிறகே சேமிப்பது முறை. நடுவில் நின்றால் சில நிகழ்வுகள் மறுபடி வரும். மூலத்தின் ‘_ஐடி’யையே அடைவிலும் ஆவண எண்ணாக வைத்திருந்தால், மறுபடி வந்தது பழையதன் மேலேயே எழுதப்படும், இரட்டை ஆவணம் பிறக்காது. டோக்கனும் தொகுப்புக்கு ஒன்றாக இருந்தால், ‘நூல்கள்’ தடுக்கினாலும் ‘வாசகர்கள்’ நடந்துகொண்டிருக்கும். நெடுநேரம் நின்றுவிட்டால் மாங்கோடிபியின் மாற்றப் பதிவேடு பழையதை அழித்திருக்கும். அப்போது முழு மறுகட்டுமானம்தான் வழி.

அதற்கும் அழகான ஏற்பாடு உண்டு. தேடும் செயலி ‘நூல்கள்’ என்ற மாற்றுப்பெயரை மட்டும் அறியும். அதன் பின்னால் இருப்பது ‘நூல்கள்_1’. புதிய மேப்பிங்கோடு ‘நூல்கள்_2’ கட்டி முடிந்ததும், ஒரே கட்டளையில் மாற்றுப்பெயர் அதற்கு இடம்பெயரும். தேடிக்கொண்டிருப்பவருக்கு இடைவெளியே தெரியாது, மற்ற அடைவுகளுக்கும் அசைவில்லை. பழையதை அச்சமின்றி அழித்துவிடலாம்.