பால்பல் போல ஆடிய போல்ட்டுகள்

என் 1972 செவர்லே சி10 பிக்கப்பின் டேஷ்போர்டு பேட் இப்போது கல்லுக்கட்டு மாதிரி நிற்கிறது. இதை நாலு பேரிடம் சொல்லாமல் எனக்குத் தூக்கம் வராது!

1967-இல் வந்து 1972-உடன் நின்றுபோன அந்தத் தலைமுறை பிக்கப்களை விட அழகான வண்டியை அமெரிக்காக்காரன் செய்யவே இல்லை என்பது என் கட்சி. ஆனால் டெக்சாஸ் வெயில் அழகு பார்த்தா அடிக்கிறது? வினைலில் கலந்திருக்கும் மென்மைப் பசை வருஷக்கணக்கில் வற்றிப்போய், பழைய பேட் கோடைக் கண்மாய் மாதிரி பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. புதிதாகச் செய்து விற்கும் மாற்றுப் பேட் ஒன்றை வரவழைத்தேன்.

நிறம், மேல்தோலின் சொரசொரப்பு எல்லாம் அச்சு அசல். அடியில்தான் வினை. இரும்பு டேஷ்போர்டின் துளைகளுக்குள் இறங்க வேண்டிய போல்ட்டுகளில் மூன்று, ஃபோமுக்குள் பால்பல் போல ஆடின. நட்டை முடுக்கினால் போல்ட்டும் கூடவே சுற்றுகிறது!

திருப்பி அனுப்ப மனசு வரவில்லை. ஆடும் போல்ட்டைச் சுற்றி பிளேடால் ஃபோமைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீறி எடுத்தேன். உள்ளே போல்ட்டின் தலையில் நகம் அளவுக்கு ஒரு தகடு. அதைப் பிடித்து வைத்திருந்தது வெறும் ஃபோம்தான்! எப்படி நிற்கும்? தகட்டை 80-ஆம் நம்பர் உப்புத்தாளால் பளபளப்புப் போகத் தேய்த்து, ஸ்பிரிட்டால் துடைத்து, அகலமான வாஷர் ஒன்றை அதன்மேல் சேர்த்தேன். பிறகு ஜேபி வெல்ட் என்ற எபாக்சிப் பசை. அதே டெக்சாஸின் சல்ஃபர் ஸ்பிரிங்ஸ் ஊரில் 1969-இல் பிறந்த சரக்கு, என் வண்டிக்கு மூன்று வயது மூத்தது. இரண்டு டியூபிலும் சம அளவு பிதுக்கி, சாம்பல் நிறம் ஒரே சீராக வரும்வரை குழைத்துக் குழியை நிரப்பினேன். மரையில் படக் கூடாது என்று அதைச் சுற்றி டேப். மேல்தோல் வரை குழி தோண்டவும் கூடாது, மேலே புடைத்துக் காட்டிக்கொடுத்துவிடும்.

இனிதான் என் செல்ல யோசனை. டேஷ்போர்டுத் துளைகளை முன்பே ஒரு அட்டையில் குறித்து வெட்டி வைத்திருந்தேன். பசை காய்வதற்குள் போல்ட்டுகளை அந்த அட்டையில் கோத்துவிட்டேன். ஒன்றும் சாயவில்லை, நகரவில்லை. ஒரு முழு நாள் தொடவே இல்லை.

மறுநாள் மத்தியானம் பேட்டை ஒரு மணி நேரம் வெயிலில் போட்டு இளக்கி, குளோவ் பாக்ஸைக் கழற்றிவிட்டு, மல்லாந்து படுத்து நட்டுகளைப் பூட்டினேன். விரலால் முடிந்தவரை, அப்புறம் ஸ்பேனரில் கால் சுற்று. அவ்வளவே! பேட்டின் உதடு இரும்போடு அப்பிக்கொண்டது. முன்பு விரல் நுழைந்த இடத்தில் இப்போது ஒரு தபால் அட்டைகூட நுழையாது. கல்ரோட்டில் விரட்டிப் பார்த்தேன். கடகடவென்ற சத்தமே காணோம், எஞ்சின் உறுமல் மட்டும். ஆஹா, என்ன சுகம்!

மாற்றுப் பேட் வாங்கியிருக்கிறீர்களா? வண்டியில் ஏற்றுவதற்கு முன் மேசையில் கவிழ்த்து வைத்து, ஒவ்வொரு போல்ட்டையும் விரலால் ஆட்டிப் பார்த்துவிடுங்கள்.