தன்னை அளப்பதும் பிறரை அளப்பதும்

மனிதர் தம்மையும் பிறரையும் எப்படிக் காண்கிறார்கள் என்பதை எண்ணாக்கும் மரபுக்கு நூறு வயது கடந்துவிட்டது. முதல் உலகப் போரின்போது, போர்முனை அதிர்ச்சிக்கு எளிதில் ஆளாகக்கூடிய வீரர்களைக் கண்டறிய அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் உட்வொர்த் ஆம்–இல்லை வினாத்தாள் ஒன்றை வகுத்தார். அது களத்துக்கு வருமுன் போர் முடிந்துவிட்டது. ஒருவரைப் பற்றி அவரையே கேட்கும் வழக்கம் மட்டும் வேரூன்றியது.

கேட்டால் உண்மை வருமா? 1943இல் வெளிவந்த மினசோட்டா வினாப்பட்டியல் இதற்கென்றே 15 கூற்றுகளை உள்ளே வைத்தது. எப்போதாவது கோபப்படுவது போல எவருக்கும் உள்ள சின்னக் குறைகள் அவை. வரிசையாக மறுப்பவர் தம்மை உயர்த்திக் காட்டுகிறார் என்று கணக்கு. கட்டுப்பாடான சமயச் சூழலில் வளர்ந்தவர் உண்மையாகவே மறுக்கக்கூடும் என்பதால் இந்தக் கணக்கை நான் முழுதாக ஏற்பதில்லை. என்ன தெரிகிறது என்று பார்ப்பவரைக் கேட்கும் ரோர்ஷாக்கின் மைத்தடங்கள் சுற்றுவழியில் முயன்றன. அங்கே பார்த்தவரின் மனத்தோடு பொருள் சொன்னவரின் மனமும் கலந்துவிட்டது.

பிறரை அளப்பது இன்னும் சிக்கல். படை அதிகாரிகள் தம் கீழுள்ளோருக்கு இட்ட மதிப்பெண்களை 1920இல் எட்வர்டு தார்ன்டைக் ஆராய்ந்தார். உடற்கட்டு, அறிவு, தலைமைப் பண்பு எல்லாம் நம்ப முடியாத அளவுக்கு ஒன்றாகவே ஏறி இறங்கின. ஒரு நல்லெண்ணம் எல்லாக் கட்டங்களிலும் பரவியிருந்தது.

இந்த மரபின் தரத்தை உயர்த்தியவர் என்று நான் கருதுவது லீ கிரான்பாக்கை. பிறரைத் துல்லியமாக அறியும் திறனுக்கு அன்று ஒற்றை மதிப்பெண் வழங்கிவந்தார்கள். 1955இல் அவர் அதைப் பிரித்துக் காட்டினார். முன்பின் அறியாத ஒரு மாணவியின் விடைகளை ஒருவர் ஊகிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தேர்வுக்கு முன் பதற்றம் உண்டா என்ற வினாவுக்கு 'ஆம்' என்கிறார். மாணவியும் அதையே எழுதியிருக்கிறார். மதிப்பெண் கிடைத்தது, ஆனால் அந்த மாணவியைப் பற்றி அவர் அறிந்தது எதுவுமில்லை. மாணவர்கள் பொதுவாக எப்படி என்று தெரிந்தாலே போதும். தன்னைப் போலவே பிறரை நினைப்பவருக்கும் தற்செயலாக அதே மதிப்பெண் விழும். இந்த விமர்சனத்துக்குப் பின் அத்தகைய ஆய்வுகள் நெடுநாள் தேங்கின. அந்தத் தேக்கம் நேர்மையானது.

பிறகு டேவிட் கென்னி, குழுவில் எல்லாரும் எல்லாரையும் மதிப்பிடும் முறையில், மதிப்பிடுபவர், மதிப்பிடப்படுபவர், இருவரின் உறவு என்று பங்குகளைப் பிரித்தார். 2010இல் சிமின் வசீரின் ஆய்வு, பதற்றம் போன்ற அகநிலைகளை அவரவரே நன்கறிவதாகவும், அறிவுத்திறனில் நண்பர்களின் கணிப்பே சோதனை முடிவை நெருங்குவதாகவும் காட்டியது. அறிவுக்கு உரைத்துப் பார்க்கச் சோதனை இருக்கிறது. கருணைக்கும் நேர்மைக்கும் அப்படியொரு உரைகல் அமையவில்லை. அங்கே தன் சொல்லும் நண்பர் சொல்லும் முரண்பட்டால் எதை ஏற்பது என்பதில் உளவியல் சிந்தனைப் பள்ளிகள் இன்னும் ஒருமிக்கவில்லை.