ஆற்றங்கரை நகரில் ஓர் அந்நிய ஆசிரியர்

பிற நாட்டைப் பற்றி எழுதுவோர் இரு வகையினர். சென்ற இடத்தில் தம் ஊரையே தேடி, அது காணாதபோது குறை கூறுவோர் ஒரு வகையினர். சென்ற இடத்தை அதன் இயல்பிலேயே அறிய முயல்வோர் மற்றொரு வகையினர். முன்னவர் நூல்கள் மலிந்து கிடக்கின்றன; பின்னவர் நூல்கள் அரியன. அமெரிக்க எழுத்தாளர் பீட்டர் ஹெஸ்லர் 2001இல் வெளியிட்ட ‘ரிவர் டவுன்’ என்னும் ஆங்கில நூல் பின்னவற்றுள் வைத்து எண்ணத்தக்கது என்பது நம் கருத்து.

படிப்பினையை அரபியில் ‘இப்ரத்’ என்பர். ‘கடந்தான்’ எனப் பொருள்படும் ‘அபர’ என்னும் வினையோடு ஒரே வேரிற் பிறந்த சொல் அது. ஆற்றைக் கடப்பதற்கும் அவ்வினையே வழங்கும். கண்ட காட்சியிலிருந்து அதன் கருத்துக்குக் கடந்து செல்பவனே படிப்பினை பெறுகிறான். கரையில் நின்று வேடிக்கை பார்ப்பவன் பெறுவதில்லை. பயண நூலை அளக்க இதனினும் நல்ல அளவுகோல் வேண்டுமோ?

14ஆம் நூற்றாண்டில் சீனத்தைப் பற்றிக் கூறிய இப்னு பதூதாவை நம் வாசகர்கள் அறிவார்கள். மதுரை சுல்தானின் அவையையும் கண்டவர் அவர். ஜைத்தூன் துறைமுகத்தின் பெருமையையும், காகித நாணயத்தையும், பீங்கானையும், வழிப்போக்கருக்கு அந்நாடு அளித்த பாதுகாப்பையும் வியந்து போற்றினார். ஆயினும் அங்குள்ளோரின் சமய வழக்கங்கள் தம் உள்ளத்தை வருத்தியதால், தேவையின்றி வெளியே செல்ல மனம் வரவில்லை என்றும் ஒளிவின்றிச் சொல்கிறார். அந்த நேர்மை போற்றத்தக்கது. ஆனால் வீட்டுக்குள் இருந்தவருக்கு வீதி எவ்வளவு புலப்பட்டிருக்கும்?

ஹெஸ்லர் வீதிக்கு வந்தவர். 1996இல் அமெரிக்க அமைதிப் படையின் தொண்டராக, யாங்சி ஆறும் வூ ஆறும் கூடும் ஃபூலிங் நகரின் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்கு ஆங்கில இலக்கியம் கற்பிக்கச் சென்றார். அந்நாளில் அவ்வூருக்கு ரயில் பாதை இல்லை; படகே பெரு வழி. மாணவர்களில் பெரும்பாலோர் உழவர் வீட்டுப் பிள்ளைகள். வகுப்பில் ஆசிரியராக நின்ற அவர், வகுப்பு முடிந்ததும் சீன மொழி பயிலும் மாணவராக அமர்ந்தார். கடைப் பலகையை எழுத்துக் கூட்டிப் படித்தார். சிற்றுண்டிக் கடையில் அமர்ந்து ஊர்ப் பேச்சைக் கேட்டார். மொழி திறக்கத் திறக்க ஊரும் திறந்தது. நூலின் உயிர் இந்த இடத்திலேயே உள்ளது.

மாற்றத்தை அவர் புள்ளிவிவரங்களால் காட்டுவதில்லை. மனிதர்களின் வாயிலாகவே காட்டுகிறார். ராபின் ஹூட் கதையைப் பாடமாக வைத்து, அவன் இன்றைய சீனத்துக்கு ஏற்றவனா என மாணவர்களை வாதிடச் செய்யும் பகுதி ஓர் எடுத்துக்காட்டு. பழைய ஆங்கிலக் கதையொன்றின் மறைவில், வெளிப்படையாகப் பேச இயலாத பலவற்றை அவர்கள் பேசிவிடுகிறார்கள். 1997இல் டெங் சியாவோபிங் மறைந்ததும், அதே ஆண்டில் ஹாங்காங் சீனத்திடம் திரும்பியதும் அந்தச் சிற்றூரில் எப்படி உணரப்பட்டன என்பதையும் இந்நூலில் காண்கிறோம்.

மூன்று பள்ளத்தாக்கு அணை பற்றிய பகுதி தனித்துக் குறிப்பிடத்தக்கது. ஃபூலிங்கின் ஆற்று நடுவே ‘வெள்ளைக் கொக்குத் திட்டு’ என்றொரு பாறைத் தொடர் உண்டு. குளிர்காலத்தில் நீர் வற்றும்போது மட்டும் தலைகாட்டும் அப்பாறையில், நீர் மட்டத்தைக் குறிக்க 763ஆம் ஆண்டு முதலே மக்கள் எழுத்துப் பொறித்து வந்தனர். அணை நீர் அதனை மூடிவிட்டது. 2009இல் நீருக்கடியிலேயே அதற்கோர் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. தம் ஊரின் ஒரு பகுதி மூழ்கப் போவதை அறிந்தும் மக்கள் முறையிடாதது ஏன் என ஹெஸ்லர் திகைக்கிறார். ஆயினும் ‘அடிமை மனம்’ என்று எழுதிவிட்டு அவர் நகர்ந்துவிடவில்லை. செய்தியும் உரிமையும் கிடைக்காத மக்கள், தம் கைக்கு எட்டாததைப் பற்றிப் பேசிப் பயனில்லை என்று பழகிப்போனதை மெல்ல மெல்ல உணர்த்துகிறார். கண்டதிலிருந்து கருத்துக்குக் கடத்தல் என்பது இதுவே.

எனினும் ஆசிரியர் தொழிலில் இருப்பவர் என்ற முறையில் நமக்கொரு கேள்வி உண்டு. இந்நூலின் மிக அழகிய பக்கங்கள் பல, மாணவர்கள் ஆசிரியருக்காக எழுதிக் கொடுத்த கட்டுரைகளிலிருந்து வந்தவை. மாணவனின் ஏடு ஆசிரியரிடம் ஓர் அமானத் அல்லவா? தந்தையின் வறுமையையும் தாயின் துயரையும் ஒரு பிள்ளை எழுதியது ஒருவர் கண்ணுக்காகவே. உலகத்தின் கண்ணுக்காக அன்று. அதனை அச்சேற்றும் உரிமை எங்கிருந்து வந்தது?

இதற்கு நூலுக்கு வெளியே ஒரு விடை கிடைக்கிறது. நூலின் கையெழுத்துப் பிரதியைப் படித்த முன்னாள் மாணவி ஒருவர், இதைப் படிக்கும் எவருக்கும் ஃபூலிங் பிடிக்காது என்று வருந்தினார். ஆனால் எழுதியது அனைத்தும் உண்மையாதலால் குறைகூற இயலவில்லை என்றும் ஒப்புக்கொண்டார். எந்தத் திறனாய்வாளரின் பாராட்டையும் விட இச்சான்று பெரிது. மேலும், பிறரை வெளிச்சத்தில் நிறுத்தும் ஹெஸ்லர் தம்மை இருளில் மறைத்துக் கொள்வதில்லை. தம் கோபத்தையும், வீண் பிடிவாதத்தையும், தெருவில் கூட்டத்தோடு நேர்ந்த கசப்பையும் அவர் விடாமல் எழுதுகிறார். அமானத்தின் கடன் இதனால் முற்றும் தீர்ந்துவிடாது. எனினும் ஒரு பகுதி தீர்ந்தது.

பின்னர் வந்த ‘ஆரக்கிள் போன்ஸ்’ (2006) நூலில், பெய்ஜிங்கில் வணிகம் செய்து பின் அமெரிக்காவில் புகலிடம் பெற்ற உய்குர் முஸ்லிம் ஒருவரின் வாழ்வு வருகிறது. ஒரு மனிதரைக் கொண்டு ஒரு சமுதாயத்தின் ஏக்கத்தை உணர்த்துகிறார் ஆசிரியர். ஆனால் ஒருவர் கதை ஒரு சமுதாயத்தின் கதையாகிவிடாது. சின்ஜியாங்கில் நடந்த உரிமை மீறல்கள் மனிதகுலத்துக்கு எதிரான குற்றங்களாக இருக்கக்கூடும் என ஐக்கிய நாடுகளின் மனித உரிமை அலுவலகம் 2022இல் அறிக்கை வெளியிட்டது. அத்துயரை அறிய விரும்புவோர் ஹெஸ்லரோடு நின்றுவிடலாகாது.

2019இல் அவர் மீண்டும் கற்பிக்கச் சென்றார்; இம்முறை செங்டூ நகரின் சிச்சுவான் பல்கலைக்கழகத்துக்கு. அந்த அனுபவமே ‘அதர் ரிவர்ஸ்’ (2024). முன்பு குட்டையாகவும் மெலிந்தும் இருந்த உழவர் மக்களின் இடத்தில், நன்கு உண்டு வளர்ந்த நகரப் பிள்ளைகள் அமர்ந்திருந்தனர். உடல் வளர்ந்தது, செல்வம் வளர்ந்தது. பேசும் உரிமை அவ்வாறு வளர்ந்ததா? இந்த வினாவே இரு நூல்களையும் இணைக்கும் நூலிழை. 2021இல் அவருடைய ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை என்பதையும் வாசகர்கள் சேர்த்து எண்ணிப் பார்க்கலாம்.

சீனத்தின் சாலைகளையும் ஆலைகளையும் கண்டு வாய் பிளப்போர் உளர். அதன் பெயரைக் கேட்டதுமே முகம் சுளிப்போரும் உளர். இரு சாராரும் கரையில் நிற்பவர்களே. நம் இல்லங்களில் ஆங்கிலம் கற்ற இளைஞர்கள் ‘ரிவர் டவுன்’ நூலைப் படித்துப் பெரியவர்களுக்கும் எடுத்துச் சொல்லட்டும். ஆசிரியப் பணியில் இருப்போர் ஒருமுறைக்கு இருமுறை படிக்கட்டும். கற்பிக்கப் போன இடத்தில் கற்றுக்கொண்டு திரும்பிய ஒருவரின் ஏடு அது.